பெயின்டர் அண்ணனின் நோட்டு

மல்லசமுத்திரத்தில் பருத்தி ஏலம் நடக்கிற நாளில் நீங்கள் போயிருக்கிறீர்களா? மூட்டைகளை அவிழ்த்து வைத்துக்கொண்டு விவசாயிகள் காத்திருப்பார்கள். வியாபாரிகள் ஒரு பிடி பஞ்சை எடுத்து, இழுத்துப் பார்த்து, கையை உதறிவிட்டு அடுத்த மூட்டைக்குப் போவார்கள். முகத்தில் மட்டும் ஒன்றையும் காட்டமாட்டார்கள். சின்ன வயதில் எனக்கு அது பெரிய வேடிக்கை.

போன மாதம் ஊருக்குப் போனபோது ஏல நாள். டீ குடிக்க ஒதுங்கினேன். எதிர்ச் சுவரில் சுண்ணாம்பு உரிந்து, உள்ளேயிருந்து பழைய எழுத்து ஒன்று எட்டிப் பார்த்தது. ஏதோ ஜவுளிக்கடை விளம்பரம். அந்தக் கடையை மூடியே இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். ‘மகிழ’ என்கிற மூன்று எழுத்துதான் மிச்சம். அந்த ‘ழ’வின் வால் கீழே இறங்கி, சுழித்து, ஒரு மாங்காயாக முடிந்திருந்தது. பட்டுச்சேலைக் கரையில் இருக்குமே, அந்த மாங்காய். எங்கள் ஊரில் அப்படி ‘ழ’ போடுகிறவர் ஒரே ஒருத்தர்தான்.

பெயின்டர் அண்ணன்.

அவருக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கடை போர்டு, கல்யாண வீட்டு வரவேற்புத் தட்டி, பள்ளிக்கூடச் சுவரில் இந்தியா மேப், கோயில் திருவிழா துணி பேனர் எல்லாம் அவர்தான். தேர்தல் வந்தால் உதயசூரியன், இரட்டை இலை, கை மூன்றும் ஒரே பிரஷ்ஷிலிருந்துதான் வரும். ‘எந்தக் கட்சிங்கண்ணா நீங்க?’ என்று கேட்டால், ‘நான் ஏசியன் பெயின்ட்ஸ் கட்சி கண்ணு’ என்பார்.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் அவருக்கு டப்பா தூக்கப் போய்விடுவேன். நூலில் சாக்பீஸ் தூளைத் தடவி, ஆளுக்கொரு முனை பிடித்து, நடுவில் இழுத்து விட்டால் சுவரில் ‘டப்’பென்று ஒரு வெள்ளைக் கோடு விழும். எழுத்து உட்காருவதற்கான தரை அது. கை நடுங்காமல் இருக்க நுனியில் துணிப்பந்து கட்டிய ஒரு குச்சி வைத்திருப்பார். அந்தக் குச்சியைச் சுவரில் ஊன்றி, அதன் மேல் வலது கையைச் சாய்த்துக்கொண்டு, மூச்சை அடக்கி ஒரே இழுப்பில் ‘வ’ போடுவார். டர்ப்பன்டைன் வாசனை இன்றைக்கும் எங்கே வந்தாலும் எனக்குப் பத்து வயது ஆகிவிடும்.

வருஷத்தில் பாதி நாள் அவருக்குத் திருச்செங்கோட்டில் வேலை. போர்வெல் ரிக் வண்டிகளுக்குப் பேர்போன ஊர் அது. புது வண்டி பட்டறையிலிருந்து இறங்கினால் கதவில் படம் எழுத இவரைத்தான் கூப்பிடுவார்கள். மலை, அருவி, குளம், குளத்தில் ரெண்டு அன்னம். தண்ணீர் தேடி ஆயிரம் அடி ஓட்டை போடப் போகிற வண்டியில் ஒரு அருவி! இதில் இருக்கிற வேடிக்கை அவருக்குத் தெரிந்தே இருந்தது. ‘ஓட்டுறவனுக்காச்சும் கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கட்டும்’ என்பார்.

நானும் படம் போட்டுக்கொண்டிருந்தேன் அப்போது. காலேஜ் போனபின் கதை எழுத ஆரம்பித்தேன், படம் தானாக நின்றுபோனது. 1993-ல் என் முதல் கதை ஒரு வாரப் பத்திரிகையில் வந்தது. பொங்கல் லீவுக்கு ஊருக்கு வந்தவனை, பஸ் ஸ்டாண்டில் வைத்தே பெயின்டர் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கதை படிச்சனுங்க தம்பி.”

அதுவரைக்கும் ‘வா கண்ணு, போ கண்ணு’தான். அன்றைக்குத்தான் முதல் ‘ங்க’. எனக்குக் கூச்சமாக இருந்தது என்று சொன்னால் பாதிதான் நிஜம். சந்தோஷமாகவும் இருந்தது.

டீ வாங்கிக் கொடுத்து, தன் பட்டறைக்குக் கூட்டிப்போனார். பட்டறை என்றால் ஒரு தகரக் கொட்டகை. பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து பாலித்தீன் கவரில் சுற்றிய ஒரு நீள நோட்டை எடுத்தார். “சும்மா கிறுக்குனதுங்க தம்பி. கதையாட்டம் இருக்குதான்னு பாருங்க. நல்லாருந்தா சொல்லுங்க.”

நோட்டை வாங்கிக்கொண்டேன். நாலு மாதம் என் பெட்டியிலேயே கிடந்தது.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் ரெண்டு பக்கம்தான் படித்தேன். எழுத்துப் பிழை இருந்தது. அடித்து அடித்துத் திருத்தியிருந்தார். அடித்த இடத்தையெல்லாம் அப்படியே விடாமல் மேலே கோடு இழுத்து, ஒன்றை இலையாக்கி, ஒன்றைக் குருவியாக்கி வைத்திருந்தார். ஒரு பக்கத்தில் ஏழெட்டுக் குருவி. ‘எழுதும்போதுகூட மனுஷனுக்குப் படத்து மேலதான் புத்தி’ என்று நினைத்துக்கொண்டு மூடிவிட்டேன்.

கோடை லீவில் திருப்பிக் கொடுத்தேன். கொடுத்தால் போதாதா? ஒரு யோசனையும் சேர்த்துச் சொன்னேன். “அண்ணா, உங்களுக்குப் படம்தான் வரம். அதையே பாருங்க. இரட்டைக் குதிரை சவாரி வேண்டாம்.”

அவர் நோட்டை வாங்கி, பாலித்தீன் கவரில் மறுபடி சுற்றினார். “சரிங்க தம்பி” என்றார். அவ்வளவுதான்.

இருபத்தியிரண்டு வயதில் எனக்கு அது புத்திமதியாகத்தான் பட்டது. யோசித்துப் பாருங்கள். தெற்கே கொஞ்ச தூரத்தில் திருச்செங்கோட்டு மலை மேல் நிற்கிற சாமியே பாதி ஐயன், பாதி அம்மன். அந்த மலையைப் பார்த்து வளர்ந்த நான், ஒரு ஆள் ரெண்டாக இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அப்புறம் வருஷங்கள் போயின. ஒருநாள் சென்னையில் பழைய புத்தகக் கடையில் நாமக்கல் கவிஞரின் ‘என் கதை’ கிடைத்தது. வெ.இராமலிங்கம் பிள்ளை எங்கள் பக்கத்துக்காரர். 1888-ல் மோகனூரில் பிறந்தவர். அப்பா போலீஸ்காரர். ஏழு பெண்களுக்குப் பிறகு எட்டாவதாகப் பிறந்த பையன். 1930-ல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்புக் காய்ச்ச நடந்தார்களே, அவர்கள் வழியெல்லாம் பாடிக்கொண்டு போனது இவர் எழுதிக் கொடுத்த பாட்டு. 1932-ல் ஜெயிலுக்குப் போனார். 1949-ல் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞர் ஆனார். எம்.ஜி.ஆர். நடித்து 1954-ல் வந்த ‘மலைக்கள்ளன்’ இவர் எழுதிய நாவல்தான். கோட்டையில் தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டிடத்துக்கு இவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

இவர் பாட்டைப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் மனப்பாடம் செய்தோம். இவர் ஓவியர் என்று ஒரு வாத்தியாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பொழுதுபோக்குக்கு வரைந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா வேலையும் வாத்தியார் வேலையும் ஒட்டாமல் போனபின், ஆட்களின் உருவப்படம் வரைந்து அதில் வந்த காசில்தான் குடும்பம் நடத்தினார். படம் தொழில், பாட்டு ஆசை. இன்றைக்கு அந்தப் படங்களைப் பற்றி யார் பேசுகிறார்கள்? ஊர் ஞாபகம் வைத்துக்கொண்டது பாட்டை மட்டும்தான். எங்கள் பெயின்டர் அண்ணனுக்கு அப்படியே தலைகீழ். ஊருக்கு அவர் படம் மட்டும்தான் தெரியும்.

அந்தப் புத்தகத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்த இடம் வேறு. செட்டிநாட்டுக் கானாடுகாத்தானுக்கு பாரதி வந்திருக்கிறார் என்று தெரிந்து, இராமலிங்கம் பிள்ளை அவரைப் பார்க்கப் போகிறார். ஓவியர் என்றுதான் அவரை அறிமுகம் செய்கிறார்கள். பாட்டும் எழுதுவார் என்று பேச்சு வருகிறது. நீங்களும் நானும் என்ன செய்வோம்? ‘அப்படியா, சந்தோஷம்’ என்று சொல்லிவிட்டுப் படத்தைப் பற்றிப் பேசப் போய்விடுவோம். பாரதி, ஒன்று பாடும் என்கிறார். கூச்சப்படுகிற மனுஷனைப் பாட வைத்து, முழுசும் கேட்டு, ‘பலே’ என்று குதித்து, நீர் புலவர்தான் ஐயா, சந்தேகமே வேண்டாம் என்கிறார்.

முழுசும் கேட்டார். அந்த ஒன்றைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கதை அச்சில் வந்ததற்கே நான் ரெண்டு பக்கத்தோடு நோட்டை மூடியவன். அவர் பாரதி!

இன்னொரு அடியும் பாக்கி இருந்தது. தாகூரின் கையெழுத்துப் பிரதிகளை அச்சிட்ட ஒரு புத்தகத்தை நண்பர் வீட்டில் புரட்டினேன். தாகூர் கவிதையில் ஒரு வரியை அடித்தால் அதை அடித்தலாகவே விடமாட்டார். ஒரு அடித்தலையும் அடுத்த அடித்தலையும் கோடு போட்டு இணைப்பார். அது மூக்கு நீண்ட ஒரு பறவையாகும், பெயர் இல்லாத ஒரு மிருகமாகும். 1924-ல் அர்ஜென்டினாவில் உடம்பு சரியில்லாமல் தங்கியிருந்தபோது, அந்த நோட்டைப் பார்த்து அசந்துபோனவர் விக்டோரியா ஒகாம்போ என்கிற அம்மையார். 1930-ல் பாரீஸில் தாகூரின் முதல் ஓவியக் கண்காட்சி நடக்க ஓடியாடி வேலை செய்தவரும் அவர்தான். நோபல் பரிசு வாங்கிப் பதினேழு வருஷம் கழித்து, எழுபதை நெருங்குகிற வயதில், அந்த மனுஷர் ஓவியரானார். அதன் பிறகு சாகும் வரை வரைந்தது ஆயிரக்கணக்கில்.

புத்தகத்தை மூடிவிட்டேன். அந்தப் பக்கங்களில் எனக்குத் தெரிந்ததெல்லாம் மல்லசமுத்திரத்துக் குருவிகள்தான்.

இப்படி ரெட்டை ஆளாக இருப்பது அபூர்வம் என்று ஒருகாலத்தில் நினைத்திருந்தேன். அப்படியும் இல்லை. மலையாளத்தில் ஓ.வி.விஜயன் பத்திரிகைக்குக் கார்ட்டூன் போட்டுச் சம்பாதித்தவர். ‘கசாக்கின் இதிகாசம்’ எழுதியதும் அவர்தான். அதைத் தமிழுக்குக் கொண்டுவந்த யூமா வாசுகியும் கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்த ஓவியர், கவிஞர், ‘ரத்த உறவு’ நாவலை எழுதியவர். அந்த மொழிபெயர்ப்புக்கு 2017-ம் ஆண்டுக்கான சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. மதுரையை ஊசிமுனைக் கோடுகளால் வரைந்த மனோகர் தேவதாஸ், பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தபோதும் வரைந்தார், புத்தகங்களும் எழுதினார். 2022-ல் இறந்துபோனார். இவர்களிடமெல்லாம் யாராவது போய் ஒரு குதிரையிலிருந்து இறங்கச் சொல்லியிருப்பார்கள். நல்லவேளை, இவர்கள் இறங்கவில்லை. பெயின்டர் அண்ணன் இறங்கிவிட்டார்.

அப்புறம் ஃப்ளெக்ஸ் வந்தது. உங்கள் ஊருக்கும் வந்திருக்கும். ராத்திரி ஆர்டர் கொடுத்தால் காலையில் பிறந்தநாள் வாழ்த்து இருபது அடியில் நிற்கிறது. ஒரே வருஷத்தில் அவருக்குப் போர்டு வேலை நின்றுபோனது. சுவருக்கு வெள்ளையடித்தார். வண்டிக்கு நம்பர் எழுதினார். கடைசியில் ஒரு சேகோ மில்லில் மூட்டை மேல் தகரத்தை வைத்து மார்க் அடித்துக்கொண்டிருந்தார் என்று கேள்வி. ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் அவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். ‘அந்த நோட்டைக் குடுங்கண்ணா, முழுசாப் படிக்கிறேன்.’ அவ்வளவுதான் வார்த்தை. பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் போய்ச் சேர்ந்த சேதி எனக்குப் பத்து நாள் கழித்துத்தான் வந்தது.

அந்த ‘ழ’வைப் பார்த்த அன்று, டீயைப் பாதியில் வைத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். அக்கா வாசலில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அடையாளம் தெரிய கொஞ்ச நேரம் பிடித்தது. “அட, டப்பா தூக்குற தம்பியா? வாங்க, உக்காருங்க.”

கொஞ்ச நேரம் பேசிவிட்டு மெதுவாகக் கேட்டேன். “அண்ணன் ஒரு நோட்டு வெச்சிருந்தாருங்களே அக்கா… கதை எழுதுன நோட்டு?”

“கதையா? அவரா?” கடலை உரித்த கை நின்றுவிட்டது. “படந்தானுங்க தம்பி எழுதுவாரு.”

அவருக்குத் தெரியாது. முப்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவருக்குத் தெரியாது. மகன்களுக்கும் தெரியாது. கொட்டகையைப் பிரித்தபோது டப்பா, பிரஷ், காகிதம் எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டார்களாம். அந்த நோட்டைத் திறந்து பார்த்தவன் உலகத்தில் நான் ஒருத்தன்தான்.

“என்னங்க தம்பி எழுதியிருந்தாரு?”

சொன்னேன். ஒரு ரிக் வண்டி டிரைவர். வடக்கே எங்கேயோ வேலைக்குப் போய் எட்டு மாதம் கழித்து ஊருக்கு வருகிறான். ரெண்டு வயதுக் குழந்தை அவனைப் பார்த்ததும் அழுகிறது, ஆள் யாரென்று தெரியவில்லை. அவன் கையை நீட்ட, அது அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொள்கிறது. அவன் வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிறான். அப்போது குழந்தை மெல்ல எட்டிப் பார்க்கிறது. அவனை இல்லை, வண்டியை. கதவில் இருக்கிற அன்னத்தைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டு, சேலையை விட்டுவிட்டு, ஒவ்வொரு அடியாக வண்டியைப் பார்த்து நடந்து வருகிறது.

அக்கா மடியில் இருந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

“அப்புறம் என்னாச்சுங்க தம்பி?”