வால்வும் விரலும்

கிற்றாரின் ஒலியை உருமாற்றும் பெட்டியொன்றை நாம் நெடுங்காலமாகப் பேணி வருகின்றோம். 19 அங்குலச் சட்டத்தில் பூட்டப்பட்ட அதனுள், எதிரொலியை ஆக்குவது இலக்கமுறைச் சில்லு. ஓசைக்குக் கரகரப்பும் கனிவும் ஊட்டுவனவோ, 1947இல் அமெரிக்காவில் அறிமுகமான 12ஏஎக்ஸ்7 இன வெற்றிட வால்வுகள் இரண்டு.

அவை தேய்ந்து இரையத் தொடங்கவே, 2022இல் புதியன தேடினோம். ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளே இன்று இவற்றைப் பெரிதும் உற்பத்தி செய்கின்றன. போர் மூண்டு, ரஷ்ய ஏற்றுமதி தடைப்படுமென்ற அச்சம் பரவியதால் கடைகளில் வால்வு அரிதாயிற்று.

அப்போதன்றோ உணர்ந்தோம்! நுண்கம்பி சுற்றிக் கண்ணாடிக்குள் அடைக்கும் தொழிலாளரின் விரல்களை நம்பியே எமது விரல்கள் இசைத்தன. எமது தனி ஒலி என்று செருக்குற்றோமே, அது தனியொருவர் ஆக்கமா? கைதட்டல் எழுந்த மேடைகளில் அத்தொழிலாளரை நினைந்தவர் யார்?

பழைய வால்வுகளை எறிந்துவிட மனம் ஒப்பவில்லை.