குறி ஒன்று, நோய் வேறு

மகிழுந்தின் குளிரூட்டி குளிர்தர மறுத்தவுடன், "கம்ப்ரஸர் போயிற்று" என்று தீர்ப்புரைப்பது பட்டறைகளின் வழக்கம். அதனை 'அமுக்கி' எனத் தமிழாக்குவோர் உளர். வகுப்பறையில் நானும் அவ்வாறே சொல்வேன். பட்டறை வாயிலில் அச்சொல் என் நாவில் எழுவதில்லை.

என் காக்கா வாடகைக் கார் ஓட்டுபவர். டயாலிசிஸுக்காக வாரம் இருமுறை மதுரை செல்லும் நோயாளர் இருவர் அவர் வண்டியையே நம்பியுள்ளனர். களைத்துத் திரும்பும் அவர்களுக்குக் குளிர் ஆடம்பரமன்று. சென்ற சித்திரையில் கம்ப்ரஸர் இறுகி நின்றது. புதியது பூட்டினர். நான்கே மாதத்தில் அதுவும் இறுகியது. உம்மாவின் வளையல் அடகுக்குப் போயிற்று.

அடுத்துப் பார்த்த முதிய மெக்கானிக் ஸ்பேனரைத் தொடுமுன் வினாக்களைத் தொடுத்தார். குளிர் சட்டென நின்றதா, நாளடைவில் குறைந்ததா? ஓசை கேட்டதா? பின்னர்க் குழாய் இணைப்பொன்றில் படிந்திருந்த எண்ணெய்க் கறையைக் காட்டினார். கம்ப்ரஸருக்கு உயவளிக்கும் எண்ணெய் வாயுவோடு கலந்தே சுற்றிவருகிறது. வாயு அறவே தீர்ந்தால் அழுத்தச் சுவிட்ச் பொறியை நிறுத்திவிடும். பாதி தீர்ந்த நிலையே கொடிது. பொறி ஓடும், எண்ணெய் திரும்பாது, உலோகத்தோடு உலோகம் உராயும். முதற் கம்ப்ரஸர் மாண்டது இவ்வாறே. அது உதிர்த்த துகள்கள் கண்டென்சரின் நுண்குழல்களில் தங்கின. இரண்டாவது, வந்தவுடன் அந்நஞ்சை உண்டது. கசிவை அடைக்காமலும், ஈரம் உறிஞ்சும் டிரையரை மாற்றாமலும், வாக்குவம் பிடிக்காமலும் வாயுவை நிரப்பியிருந்தனர். ஈரம் உள்ளே தங்கினால் அமிலம் பிறந்து அரிக்கும் என்றார்.

எல்லாப் பழியும் கம்ப்ரஸருக்கு உரியதன்று. கண்டென்சர் விசிறி நின்றாலும் அழுத்தம் ஏறும். கிளட்ச் சுருள் எரிந்தாலோ ஃபியூஸ் போனாலோ பொறி சும்மா கிடக்கும். அழுத்தமானியில் இருபுறமும் தாழ்ந்திருப்பின் பெரும்பாலும் வாயுக் குறைவு. தாழ்புறம் உயர்ந்து உயர்புறம் தாழ்ந்திருப்பின் கம்ப்ரஸரையே ஐயுறலாம். இத்துணை எளிய சோதனையைச் செய்யாமல் ஏழையின் பணத்தைச் செலவிடச் செய்தது எனக்கு இன்றும் ஆறாச் சினமே.

நுண்குழல் கண்டென்சரைக் கழுவித் தூய்மை செய்ய இயலாதாம்; அதனையும் மாற்றினார். கழற்றியதை வெள்ளைத் தாளில் தட்டியபோது, கரிய எண்ணெயோடு மின்னும் துகள்கள் விழுந்தன. அத்தாளைக் காக்கா மடித்து வைத்திருக்கிறார். முந்தைய பட்டறைக்காரரிடம் காட்ட வேண்டுமாம்.