ஜாப் செட்டிங்

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்லீங்கோ. பொட்டி தட்டுற ஆசாமி. படிச்சது மட்டும் மெக்கானிக்கல். அதனால வைத்திய சந்தேகம் எல்லாம் டாக்டர் கிட்டயே கேளுங்க :-)

சித்தப்பா பையன் ஒரகடம் பக்கத்துல ஒரு உதிரிபாகக் கம்பெனியில பவர் பிரஸ் ஆபரேட்டர் (கம்பெனி பேர் வேண்டாம், விடுங்க). அந்த மிஷின்ல ரெண்டு பட்டன் இருக்கும். ரெண்டு கையாலயும் சேர்த்து அமுக்கினாத்தான் அடி விழும். அதாவது கை ரெண்டும் டைக்கு வெளியே இருந்தாத்தான் ஓடும். சீக்கிரம் பீஸ் விழணும்னு ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டி வச்சிருந்தாங்க. மிச்சத்தை நீங்களே ஊகிச்சுக்கலாம். வலது கையில ரெண்டு விரல்.

ஆபரேஷன் முடிஞ்சு மறுநாள் அவன் விரலைப் பத்தி ஒண்ணும் பேசலை. "அண்ணா, கத்தியை எடுக்கறதுக்கு முன்னாடி என்னை படுக்க வைக்கவே அவ்ளோ நேரம் ஆச்சு. அப்படியே நம்ம ஜாப் செட்டிங்" என்றான்.

மயக்க டாக்டரம்மா ஊசி போடறதுக்கு முன்னாடி, கையைப் பக்கத்துப் பலகையில நீட்டச் சொல்லி, "தோள் வலிக்குதா தம்பி?"ன்னு கேட்டிருக்காங்க. கபடியில எப்பவோ வாங்கின அடி, ஒரு அளவுக்கு மேல நீட்டினா இழுக்கும்னு சொல்லியிருக்கான். பலகையை உடம்புப் பக்கமா கொஞ்சம் திருப்பிட்டாங்க. மரத்துப்போன பிறகு கேட்டா அவனுக்கே தெரியாதே, அதான் முன்னாடியே கேட்டாங்களாம்.

எனக்கு இது ஆச்சரியமா இருந்துச்சு. நாம தூங்கும்போது கை மரத்தா தன்னால புரண்டு படுக்கறோம். மயக்கத்துல இருக்கறவன் புரள மாட்டான். எப்படி வச்சாங்களோ அப்படியே நாலு மணி நேரம் கிடப்பான். லேத்துல மாட்டின இரும்பும் அப்படித்தான், ஆனா இரும்புக்கு நரம்பு கிடையாது. முழங்கையை எங்கயாவது இடிச்சுக்கிட்டா ஷாக் அடிக்குமே, அந்த நரம்பு அங்கே எலும்புக்கும் தோலுக்கும் நடுவுல சும்மா கிடக்குது. கட்டில் விளிம்பு அதுல அமுங்கிக்கிட்டே இருந்தா ஆபரேஷன் சக்சஸ், சுண்டுவிரல் மரமரன்னு. அதனால அடியில மெத்தை, உள்ளங்கை மேலே பார்த்து, தோள்ல இருந்து 90 டிகிரிக்கு மேல விரிக்காம. ரத்தத்தை நிறுத்த மேல்கையில காத்தடிக்கிற பட்டை ஒண்ணு கட்டுவாங்க (1904ல ஹார்வி குஷிங் கொண்டு வந்தது). அதுக்கும் கடிகாரம் ஓடும், பொதுவா ரெண்டு மணி நேரம் வரைக்கும்தான்.

கைக்கே இவ்ளோன்னா மத்ததைக் கேட்கவே வேணாம். முதுகெலும்பு ஆபரேஷன்னா குப்புறப் போடணும். வயிறு அமுங்கக் கூடாது, அமுங்கினா மூச்சும் கஷ்டம், வெட்டுற இடத்துல ரத்தமும் கூடும். கண் மேல எதுவும் அழுந்தக் கூடாது. அபூர்வம்தான், ஆனா பார்வையே போயிருக்கு. ஒருக்களிச்சுப் படுக்க வச்சா மார்புக்கு அடியில ஒரு உருளை வைப்பாங்க. பேரு அக்குள் உருளை, ஆனா அக்குள்ல வைக்கக் கூடாதாம்! (நம்ம சாஃப்ட்வேர்ல வேரியபிளுக்குப் பேர் வைக்கற லட்சணம்தான் போல.) தலையைத் தாழ்த்தி காலை உயர்த்தறதுக்கு ட்ரெண்டலென்பர்க்னு ஒரு ஜெர்மன் சர்ஜன் பேரு. அதுல ஆள் சறுக்கிக்கிட்டு இறங்காம பார்க்கணும். காலைத் தூக்கி மாட்டறதுல முட்டிக்கு வெளிப்பக்கம் ஓடற நரம்பு அமுங்கினா, அப்புறம் பாதத்தைத் தூக்க முடியாது. இந்த நிலையை சுஸ்ருத சம்ஹிதையிலயே மூத்திரக்கல் எடுக்கச் சொல்லியிருக்கு. நோயாளியோட மேல் உடம்பைத் தாங்க பலசாலி ஒருத்தர் மடி. கால் மடக்கித் துணியால கட்டு. அன்னைக்கு மயக்க மருந்து ஏது, பாவம்.

சென்னையில கைக்குன்னே தனித்துறையை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில உருவாக்கினவர் டாக்டர் ஆர். வெங்கடசாமி. வண்டலூர் - வாலாஜாபாத் ரோட்டுல ரெண்டு பக்கமும் இருக்கற பிரஸ் ஷாப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மனுஷனைத்தான் நினைச்சுக்கறேன். அதே ஒரகடத்துல சிப்காட் மருத்துவக் கருவிப் பூங்காவும் வருது. மெத்தையும் பட்டையும் இங்கயே செய்யட்டும், நல்லதுதான். அந்த டேப்பை யாரு பிரிக்கறது?

தம்பிக்கு நடுவிரல் பிழைச்சிடுச்சு. ஆள்காட்டி விரல்ல நுனி இல்லை. சித்தி சப்பாத்தி மாவை உருட்டிக் கொடுக்க, தினமும் உட்கார்ந்து அமுக்கிக்கிட்டு இருக்கான். கபடித் தோள்ல புதுசா ஒரு வலியும் இல்லைங்கறான். இ.எஸ்.ஐ. மெடிக்கல் போர்டுல இருந்து தேதி மட்டும் இன்னும் வரலை.