பெண்ணையாற்றைப் பார்த்திருக்கும் கோட்டை

சங்கரன்கோவில் பக்கத்தில் கோட்டை என்றால் மண்கோட்டைதான். நெற்கட்டும்செவலும் வாசுதேவநல்லூரும் பூலித்தேவன் பேர் சொல்லும் ஊர்கள். 1759 இறுதியில் கம்பெனிப் படைத் தளபதி யூசுப்கான் முட்டிப் பார்த்தும் வாசுதேவநல்லூர் மசியவில்லை. அந்தக் கதைகளில் வளர்ந்த ஒரு மாமாவும் மருமகனும் கிருஷ்ணகிரி சையத் பாஷா மலையடிவாரத்தில் நின்றபோது, கொஞ்சம் இளக்காரமாகத்தான் அண்ணாந்து பார்த்தார்கள். மலைமேல் உட்கார்ந்து சண்டை போடுவது என்ன பெரிய காரியம்?

பாதி ஏறுவதற்குள் இளக்காரம் வியர்வையில் கரைந்துவிட்டது.

“மாமா, பீரங்கிய இதுமேல எப்படி ஏத்துனானுவ?”

“ஏத்துனவன விடுல. சண்டைக்கு ஏறி வந்தவன நெனைச்சுப் பாரு.”

மாமா சொன்னது நியாயம். திப்புவோடு நடந்த மைசூர்ப் போரில், 1791 நவம்பரில், மாக்ஸ்வெல் தலைமையில் ஓர் இரவில் வந்த கம்பெனிப் படை கீழ்க்கோட்டைக்குள் புகுந்துவிட்டது. அங்கிருந்து ஓடியவர்களைத் துரத்திக்கொண்டு மேலே போனால், மேல்கோட்டைக் கதவு சாத்தியாயிற்று. பாறைகள் உருண்டு வந்தன. ஏணி தூக்கி வந்தவர்கள் அடிபட்டுத் திரும்பினார்கள். முதல் மைசூர்ப் போரில், 1768இல், கோட்டை கைமாறியதும் முற்றுகையால்தான். கடைசியில் 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் பகுதியோடு சேர்த்துத் திப்பு இதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. சண்டையில் விழாத மலை கையெழுத்தில் போனது.

மைசூர் மேட்டுநிலத்திலிருந்து கீழ்ச்சமவெளிக்கு இறங்கும் வழியைக் காவல் காத்த கோட்டை இது. இன்று அதே பக்கமாகத்தான் பெங்களூரு–சென்னை லாரிகள் ஓடுகின்றன.

உச்சியில் தர்காவும் சிதைந்த மதில்களும் இருக்கின்றன. தென்மேற்கே பார்த்தால் கே.ஆர்.பி. அணை. கர்நாடகத்து நந்தி மலைப் பக்கம் பிறந்து கடலூரருகே வங்கக்கடல் சேரும் தென்பெண்ணையை 1950களில் இங்கே மறித்தார்கள். அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 52 அடி. சுமார் 9,000 ஏக்கர் பாசனம். 2017 நவம்பரில் ஒரு மதகு உடைந்து, தேக்கிய தண்ணீர் வீணாக ஓடியது. இரண்டரை நூற்றாண்டுக்கு முந்தைய மதில் நிற்க, நேற்றைய இரும்புக் கதவு போனது என்றால் பராமரிப்பைத்தான் கேட்க வேண்டும்.

போக நினைப்பவர்கள் விடிந்ததுமே ஏறத் தொடங்குங்கள். பாறை சூடேறிவிட்டால் கால் வைக்க முடியாது. குடிதண்ணீரை அடிவாரத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள், காலிப் பாட்டிலைக் கீழே கொண்டுவந்து போடுங்கள்.