டிவிடி டிரைவுக்கு ஃபர்ம்வேர் மாற்றும் முன்

டிவிடியை இப்போது யார் பயன்படுத்துகிறார்கள் என்கிறீர்களா? கடலூர் பக்கம் வந்து பாருங்கள். கல்யாண வீடியோ, காதுகுத்து போட்டோ எல்லாம் வட்டுகளாகத்தான் பீரோவில் கிடக்கின்றன. சிதம்பரத்தில் நான் வைத்திருக்கும் லேப்டாப்பில் டிரைவே கிடையாது. கடலூர் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் உள்ள டிவிடி ரைட்டர்தான் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் கதி. அதன் ஃபர்ம்வேரை அப்டேட் செய்யலாமா என்று மாமா கேட்டார். அவருக்குச் சொன்னது உங்களுக்கும் உதவலாம்.

ஃபர்ம்வேர் என்பது டிரைவுக்குள் உள்ள சிப்பில் எழுதிய நிரல். எந்த வகை வட்டில் லேசர் எவ்வளவு சக்தியோடு, எந்த வேகத்தில் எழுத வேண்டும் என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது. புதுப்புது வட்டுகள் வந்த காலத்தில் அப்டேட் தேவைப்பட்டது. அப்டேட்டின்போது பழைய நிரல் அழிந்து புதியது ஏறும். நடுவில் கரண்ட் போனால் டிரைவ் வெறும் பெட்டிதான்!

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. 2003இல் மாண்ட்ரேக் லினக்ஸ் 9.2 வெளியானபோது, அதை நிறுவிய சிலரின் எல்ஜி சிடி டிரைவுகள் செத்துப்போயின. லினக்ஸ் அனுப்பியது சாதாரணக் கட்டளைதான். அந்த டிரைவுகள் அதை ஃபர்ம்வேர் ஏற்றும் கட்டளையாக எடுத்துக்கொண்டன.

நம் ஊரில் முதல் எதிரி கரண்ட். நெய்வேலி நம் மாவட்டத்தில் இருந்தும் 2012இல் நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு. 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு பல கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. இன்றைக்கும் மழைக்காற்று அடித்தால் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அதனால் யுபிஎஸ் இல்லாமல் தொடவே வேண்டாம். லேப்டாப் என்றால் பேட்டரி நிறைய இருக்க வேண்டும், சார்ஜரும் செருகியிருக்க வேண்டும்.

மற்றவை:

1. டிரைவின் மாடல் எண்ணையும் இப்போதுள்ள ஃபர்ம்வேர் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு டிரைவ்.
2. தயாரித்த கம்பெனி தந்த ஃபைல் மட்டுமே. யாரோ மாற்றி எழுதியது வேண்டாம்.
3. உள்ளே வட்டு இருக்கக்கூடாது. மற்ற புரோகிராம்களை மூடிவிடுங்கள்.
4. ஓடும்போது எஜெக்ட், ரீஸ்டார்ட் எதையும் தொடாதீர்கள்.
5. முடிந்ததும் முழுசாக ஆஃப் செய்து, மறுபடி போட்டு, எண் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி. அப்டேட் உண்மையில் தேவையா? லேசர் தேய்ந்த டிரைவையும் கீறல் விழுந்த வட்டையும் எந்த ஃபர்ம்வேரும் சரிசெய்யாது. வட்டைத் துடைத்துப் பாருங்கள், வேறு வட்டு போட்டுப் பாருங்கள். நன்றாகப் படிக்கிறது என்றால் அப்படியே விட்டுவிடுங்கள்.

மாமாவின் வட்டுகளை இப்போது ஒவ்வொன்றாக ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். அது முடியும்வரை அந்த டிரைவில் யாரும் கைவைக்கக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். டிரைவ் போனால் வேறு வாங்கலாம். அந்த வீடியோக்களில் இருக்கும் தாத்தாவை எங்கே போய் வாங்குவது?