ஒற்றைக் குரலின் மன்றாட்டு



பரோக் காலத்துத் திருச்சபை இசை என்றவுடன் பாக் அவர்களின் பெயரே நம் நினைவுக்கு வரும். அவர் பிறப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன், 1585இல், அதே ஜெர்மானிய மண்ணில் பிறந்தவர் ஹைன்ரிச் ஷூட்ஸ். இவ்வாரம் அவருடைய வாழ்வை உங்களோடு தியானிக்க விரும்புகிறேன்.

வெனிஸ் நகரில் ஜியோவன்னி காப்ரியேலியிடம் பயின்ற ஷூட்ஸ், பின்பு டிரெஸ்டன் அரசவையின் இசைத் தலைவரானார். 1619இல் அவர் வெளியிட்ட 'தாவீதின் சங்கீதங்கள்', பல பாடகர் குழுக்கள் ஒன்றுக்கொன்று மறுமொழியாகப் பாட, இசைக்கருவிகள் முழங்கும் பேரிசையாகும். ஆனால் அதற்கு முந்தின ஆண்டே முப்பதாண்டுப் போர் மூண்டிருந்தது. 1625இல் அவருடைய இளம் மனைவி மகதலேனா மரித்தார். இரண்டு சிறு பெண்பிள்ளைகள் தாயை இழந்தார்கள். அத்துயர நாட்களில், கொர்னேலியஸ் பெக்கர் செய்யுளாக்கிய சங்கீதங்களுக்கு எளிய நான்கு குரல் இசை அமைப்பதிலே ஷூட்ஸ் ஆறுதல் கண்டார்.

பின்பு போர் சாக்சனியையும் வாட்டியது. ஊதியமின்றி இசைஞர்கள் தவித்தார்கள்; பாடகர் குழு சிறுத்தது. பேரிசைக்கு இனி ஆளில்லை. அப்போது ஷூட்ஸ் 1636இலும் 1639இலும் 'சிறிய' என்றே பெயரிட்டு இரண்டு ஆவிக்குரிய பாடல் தொகுப்புகளை வெளியிட்டார். ஒன்று முதல் ஐந்து குரல்களும், துணைக்கு ஓர் ஆர்கனும் போதும். முதல் தொகுப்பின் முதற்பாடலை ஒருவரே பாடுகிறார். தன்னை விடுவிக்கத் தேவன் விரைந்து வரவேண்டுமென்று 70ஆம் சங்கீதம் எழுப்பும் மன்றாட்டு அது. ஒரே குரல் என்பதால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாய்க் கேட்கிறது.

அம்மன்றாட்டுக்கு விரைவில் பதில் கிடைத்ததா? 1638இல் மூத்த மகளும் மரித்தாள். போர் ஓய்ந்ததோ 1648இல்தான். பதில் தாமதித்தபோதும் பாடுகிறவர் பாடிக்கொண்டேயிருந்தார்.

அருமையானவர்களே, நம் சபைகளிலும் குரல்கள் குறைகின்றன. பிழைப்புக்காகப் பிள்ளைகள் வெளியூர் சென்றுவிட, பாடகர் குழுவின் இருக்கைகள் வெறுமையாகின்றன. துணையை இழந்த ஒருவர் பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவும் மனமின்றி நிற்கிறார். பழைய திரளும் பழைய நாட்களும் திரும்பிவரட்டும், பிறகு பாடுவோம் என்று காத்திருக்கிறோம். ஷூட்ஸ் அப்படிக் காத்திருக்கவில்லை. மீந்திருந்த குரல்களுக்கேற்பப் பாட்டை எழுதினார். உங்களிடத்தில் இன்று மீந்திருப்பது எது? நடுங்கும் குரலானாலும் அதைக் கர்த்தருக்கு முன்பாக எழுப்புங்கள்.

முதுமையில், 1671இல், அவர் 119ஆம் சங்கீதம் முழுவதற்கும் இரண்டு பாடகர் குழுக்கள் பாடும்படி எட்டுக் குரல்களில் இசையமைத்து முடித்தார். மறு ஆண்டில் தம் 87ஆம் வயதில் இளைப்பாறினார். தமது அடக்க ஆராதனைக்கு அவர் முன்னரே தெரிந்துகொண்ட வசனம் சங்கீதம் 119:54. அந்நியனாய்த் தங்கிச்செல்லும் வீட்டிலே தேவனுடைய கட்டளைகளே தனக்குப் பாட்டாயின என்று சங்கீதக்காரன் சாட்சியிடும் இடம் அது. இவ்வாரம் அந்த வசனத்தை வாய்விட்டு வாசியுங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, எங்களிடம் மீந்திருக்கும் குரலை ஏற்றருளும், நீர் தாமதிக்கும் நாட்களிலும் எங்கள் பாட்டு ஓயாதிருக்கக் கிருபை தாரும். ஆமென்.