அரிவாள் பட்டறை வளர்த்த ஊர்

இங்கிலாந்து என்றதும் லண்டன் பாலமும் அரண்மனையும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். விவசாயிகள் பார்க்க வேண்டிய ஊர் வேறு. லண்டனுக்கு வடகிழக்கே, கோதுமையும் பார்லியும் விளையும் சஃபோக் பகுதியில், கடற்கரையை ஒட்டி இருக்கிறது லெய்ஸ்டன். காலாற நடந்தே சுற்றிவிடலாம். அவ்வளவு சின்ன ஊர்.

1778-ல் ரிச்சர்டு காரெட் என்ற கொல்லர் இங்கே பட்டறை நடத்தத் தொடங்கினார். அரிவாள், களைக்கொத்து என உழவர்களுக்கு வேண்டியதை அடித்துக் கொடுத்தார். அவருடைய மகன் பெண் எடுத்தது, கதிரடிக்கும் இயந்திரம் செய்யும் ஜான் பால்ஸ் என்பவர் வீட்டில். சம்பந்தத்தோடு தொழிலும் வந்து சேர்ந்தது.

நீராவி வந்தது பேரன் காலத்தில். நான்கு சக்கரத்தின் மேல் ஒரு கொதிகலன். பக்கவாட்டில் பெரிய சுழல் சக்கரம். இது தானாக நகராது. குதிரை பூட்டித்தான் களத்துக்கு இழுத்துப் போக வேண்டும். அங்கே நிறுத்தி, நிலக்கரி போட்டு, நீளமான பெல்ட் மாட்டினால் கதிரடிக்கும் இயந்திரம் ஓடும். பெல்ட் நீளமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. புகைபோக்கியிலிருந்து தெறிக்கும் நெருப்புப் பொறி வைக்கோலில் விழாமல் தள்ளி நிறுத்தத்தான்! இதைச் சொந்தமாக வாங்க முடியாதவர்களுக்காக, பண்ணை பண்ணையாகக் கொண்டுபோய் வாடகைக்குக் கதிரடித்துத் தந்தவர்களும் இருந்தார்கள்.

இந்த இயந்திரங்களை வேகமாகச் செய்வதற்காகவே 1852-ல் 'லாங் ஷாப்' என்ற நீண்ட கூடத்தைக் கட்டினார்கள். கொதிகலன் ஒரு முனையில் உள்ளே வரும். நடுவே நகர்ந்துகொண்டே போகும்போது, இருபுறமும் உள்ள மாடிகளிலிருந்து பாகங்கள் இறங்கிவந்து பொருந்தும். மறுமுனையில் முழு இயந்திரமாக வெளியே போகும். ஃபோர்டு கார் கம்பெனி இதே பாணியில் பேர் வாங்கியது அதற்கு அறுபது வருடம் கழித்துத்தான். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால், தொழிலாளர்கள் இதற்கு 'தேவாலயம்' என்று ஏன் பட்டப்பெயர் வைத்தார்கள் என்பது புரிந்துவிடும்.

இயந்திரத்தை மட்டும் ரசித்துவிட்டு வந்தால் பாதிக் கதைதான். குளிர்காலத்தில் கொட்டகைக்குள் தடியால் கதிரடிப்பதுதான் அந்நாட்டு விவசாயக் கூலிகளுக்குச் சோறு போட்ட வேலை. குதிரையால் ஓடிய கதிரடி இயந்திரங்கள் அதைப் பிடுங்கிக்கொண்டதும், 1830-ல் தெற்கு, கிழக்கு இங்கிலாந்தில் கூலிகள் திரண்டு அவற்றை அடித்து உடைத்தார்கள். சிலரைத் தூக்கில் போட்டார்கள். நூற்றுக்கணக்கானவர்களை ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள். அந்தக் கூலிகளை மூடர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கேட்டது குளிர்காலத்துக்கான கூலி.

அந்தக் கொல்லரின் கொள்ளுப்பேத்திதான் எலிசபெத் காரெட். 1865-ல் பிரிட்டனில் மருத்துவராகத் தகுதி பெற்று, அங்குள்ள பெண்களுக்கு வழி திறந்தவர்.

1932-ல் கம்பெனி நொடித்துக் கை மாறியது. 1980களின் தொடக்கத்தில் ஆலையையே மூடிவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே ஆலையை நம்பியிருந்த ஊருக்கு அது பேரிடி. லாங் ஷாப் மட்டும் இடிபடாமல் தப்பி, இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது.

அங்கே 'சிராபைட்' என்ற குட்டி ரயில் இன்ஜினும் நிற்கிறது. ஆலையின் சரக்குப் பெட்டிகளை ரயில் நிலையத்துக்கு இழுப்பதற்காக 1929-ல் வாங்கியது. ஊருக்கெல்லாம் நீராவி இயந்திரம் விற்ற கம்பெனியில் அதுவரை அந்த வேலையைச் செய்துவந்தவை குதிரைகள்.